வாயைக் கட்டாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள்!

நாய்களின் ஓயாத குரைப்பும் ஊளையும்: ஏன் வருகிறது, எப்படிக் குறைப்பது?

இரவு 11.30. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் முதல் செய்தி வந்து விழுகிறது. “மூணாவது மாடி நாயைக் கொஞ்சம் அடக்குங்க சார். நாளைக்குப் பையனுக்குப் பரீட்சை.” அடுத்த நிமிடமே இன்னொருவர்: “பகல் பூரா இதே கதைதான். எங்கம்மா மத்தியானம் கண்ணயர முடியல.” நாய் வளர்ப்பவர் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு உள்ளே போய் நாயை அதட்டுகிறார். அது முன்பைவிட உரக்கக் குரைக்கிறது.

அடுக்குமாடி வீடுகள் பெருகிய எந்த ஊரிலும் இது பழகிப்போன காட்சி. தூக்கம் கெட்டவரின் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. நாயைப் பிள்ளையாக வளர்ப்பவரின் சங்கடமும் புரிகிறது. ஆனால் விசாரணையே இல்லாமல் தண்டனை வாங்குவது நாய்தான். சுருட்டிய செய்தித்தாளால் ஓர் அடி, மொட்டை மாடியில் ஒரு சங்கிலி என்று தொடங்கி, காரில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கிவிடுவது வரை அந்தத் தண்டனை நீள்கிறது.

நாயின் குரைப்பு, அதன் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைச் சொல்கிறது. எவ்வளவு நேரம் தனியாகக் கிடந்தது, எதற்குப் பயந்தது, எங்கே வலிக்கிறது என்பதெல்லாம் அந்தக் குரலில் இருக்கிறது. அந்த நாளை மாற்றாமல் சத்தத்தை மட்டும் நிறுத்த முயன்றால் பலன் கிடைக்காது. கிடைத்தாலும் அது நாய்க்குச் செய்கிற கொடுமையாகவே முடியும்.

குரைக்க வைத்தது மனிதர்தான்

நாயின் மூதாதை ஓநாய் இனம். வளர்ந்த ஓநாய் ஊளையிடும், உறுமும், குரைப்பது அபூர்வம். எதற்கெடுத்தாலும், விதவிதமான சுருதியில் குரைப்பது மனிதரோடு வாழ வந்த பிறகு நாயிடம் பெருகிய பழக்கம். அந்நியன் வந்தால் குரல் கொடுக்கும் நாய்க்குத்தான் வாசலில் சோறு கிடைத்தது. தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் காவலுக்குப் பேர்போனது. முயலைத் துரத்தும்போது வேட்டைக்காரருக்குக் குரலால் இடம் காட்டவே இங்கிலாந்தில் பீகிளை வளர்த்தெடுத்தார்கள். அப்படிப்பட்ட நாயை ஒரு ஃபிளாட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, சத்தமே வரக்கூடாது என்கிறோம்.

அந்தக் குரல் மனிதக் காதுக்கு ஓரளவு புரியவும் செய்கிறது. புடாபெஸ்டின் ஏத்வஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பொங்ராட்ஸ் குழுவினர், ஹங்கேரியின் மூதி இன நாய்கள் வெவ்வேறு சூழ்நிலைகளில் குரைத்ததைப் பதிவு செய்து பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்நியரைக் கண்ட குரைப்பு, மரத்தில் தனியே கட்டிப்போட்ட நாயின் குரைப்பு, விளையாட்டுக் குரைப்பு ஆகியவற்றை நாயே வளர்க்காதவர்களும் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே இனம்கண்டார்கள் என்பது 2005-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சோஃபியா யின் குரைப்பொலிகளின் ஒலித்தன்மையை ஆராய்ந்தார். காலிங்பெல்லுக்குக் குரைக்கும் ஒலி தாழ்ந்தும் கரகரப்பாகவும் இருந்தது. தனியே அடைக்கப்பட்ட நாயின் குரலோ சுருதி உயர்ந்து, ஒற்றை ஒற்றையாக ஒலித்தது.

எந்தக் குரைப்பு எதற்கு?

காவல் குரைப்பு: வாசலில் காலடி, லிஃப்ட் கதவு, தெருவில் போகும் இன்னொரு நாய் என்று எதுவும் தூண்டலாம். வேகமாகவும் கனமாகவும் வரும். தூண்டியது போனதும் அடங்கிவிடும்.

கேட்டு வாங்கும் குரைப்பு: உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரு ‘லொள்’, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிஸ்கட்டோ பந்தோ வாக்கிங்கோ கிடைக்கும்வரை தொடரும்.

பயக் குரைப்பு: குரைத்துக்கொண்டே பின்வாங்கும். காது பின்னால் மடியும், வால் தாழும். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பி இந்த நாயை நெருங்கக் கூடாது. பயந்த நாய்க்கு ஒதுங்க இடமில்லாதபோது அது கடிக்கும்.

சலிப்புக் குரைப்பு: ஒரே தாளத்தில், மணிக்கணக்கில். செய்ய எதுவும் இல்லாத நாயின் வேலை இது.

தனிமைக் குரைப்பு: வீட்டார் கிளம்பியதும் ஆரம்பிக்கும். ஊளையும் சிணுங்கலும் கலந்து வரும். கதவைப் பிறாண்டுவது, எச்சில் ஒழுகுவது, பழகிய நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது எல்லாம் சேர்ந்துகொண்டால் சந்தேகமே வேண்டாம்.

வலிக் குரைப்பு: அமைதியாக இருந்த நாய் திடீரென்று குரைக்கத் தொடங்கினால் முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவமனை. காதுப் புண், பல்வலி, மூட்டுவலி, பார்வையோ செவியோ மங்குவது என எதுவும் காரணமாகலாம். வயதான நாய்க்கு மூளைத் தளர்ச்சியும் வரும். அமெரிக்காவில் 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும் 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் அதன் அறிகுறிகளில் ஒன்றாவது இருந்தது. அர்த்த ராத்திரியில் எழுந்து சுவரைப் பார்த்துக் குரைக்கும் கிழட்டு நாய்க்குத் தேவை அதட்டல் அல்ல. மருத்துவமும் ஒரு சிறு இரவு விளக்கும்.

‘ஒண்ணுமே இல்லாம குரைக்குது’ என்று சொல்வதற்கு முன் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்கு நிசப்தமாகத் தெரிகிற வீடு அதற்கு நிசப்தமாக இல்லாமல் போகலாம்.

ஒரு நோட்டு, ஒரு மொபைல்

காரணம் தெரியாமல் பயிற்சியில் இறங்க வேண்டாம். ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதுங்கள். எத்தனை மணிக்குக் குரைத்தது, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எதனால் நின்றது என்ற நான்கும் போதும். பழைய மொபைலில் கேமராவை ஓடவிட்டு வெளியே போய் வாருங்கள். தனிமைத் துயரம் உள்ள நாய் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே காட்டிக்கொடுத்துவிடும். முதல் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் பிறகு ஜன்னலில் ஏறிக் குரைக்கிற நாயின் பிரச்சினை வேறு; அதற்குத் திரைச்சீலையை மூடுவதே பாதித் தீர்வு.

காலிங்பெல் அடித்ததும்...

மணி அடித்த அந்த நொடியில் நாயைக் கவனியுங்கள். குரைப்புக்கு முன்பே உடம்பு பேசிவிடும். காதுகள் விறைத்து முன்னால் வரும். பாரம் முன்னங்கால்களுக்கு மாறும். தொங்கிக்கொண்டிருந்த நாக்கு உள்ளே போய் வாய் மூடும். அதன் பிறகுதான் முதல் ‘லொள்’. பயிற்சி நுழைய வேண்டிய இடம் அந்தச் சின்ன இடைவெளிதான்.

கூரியர்க்காரர் பார்சலைக் கொடுத்துவிட்டு எப்படியும் போகத்தான் போகிறார். நாயின் கணக்கோ வேறு: ‘நான் குரைத்தேன், அவன் ஓடிவிட்டான்.’ ஒவ்வொரு டெலிவரியும் அதற்கு ஒரு வெற்றி. பின்னாலிருந்து நீங்கள் ‘ஏய், சும்மா இரு!’ என்று கத்தினால், வீட்டுக்காரரும் சேர்ந்து குரைக்கிறார் என்றே அது எடுத்துக்கொள்ளும்.

இதை மாற்றுவதற்கான வழி எளியது, பொறுமை மட்டும் வேண்டும். உங்கள் வீட்டுக் காலிங்பெல் ஓசையை மொபைலில் பதிவு செய்யுங்கள். வேகவைத்த கோழிக்கறியைக் கொண்டைக்கடலை அளவுக்குக் கிள்ளி வையுங்கள். சைவ வீடென்றால் பனீர் துண்டு போதும். நாய் நிதானமாக இருக்கும் நேரத்தில், காதுக்கு எட்டியும் எட்டாததுமான ஒலியில் மணியை ஒலிக்கவிட்டு உடனே ஒரு துண்டு கொடுங்கள். மணி முதலில், தீனி பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது. சில நிமிடங்களோடு நிறுத்திவிடுங்கள். மணி கேட்டதும் நாய் கதவுக்குப் பதிலாக உங்களைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினால், ஒலியை ஒரு படி கூட்டலாம். நடுவே குரைத்துவிட்டால் நாயைத் திட்டாதீர்கள்; ஒலி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், ஒரு படி இறங்குங்கள்.

அடுத்தது, போய் நிற்க ஓர் இடம். ஹாலின் மூலையில் ஒரு பாய் விரித்து, மணி அடித்ததும் அந்தப் பாயில் போய் உட்கார்ந்தால் தீனி என்று பழக்குங்கள். கதவுக்குப் பாய்வதும் பாயில் உட்காருவதும் ஒரே நேரத்தில் நடக்காது. நாய்க்கு ‘செய்யாதே’ என்பது எளிதில் புரிவதில்லை. ‘இதைச் செய்’ என்பது சட்டென்று புரியும்.

கேட்டு வாங்கும் குரைப்புக்கு மருந்து வேறு. குரைக்கும்போது தீனியோ கொஞ்சலோ திட்டோ எதுவும் கூடாது. கண்ணைப் பார்ப்பதும் கூடாது. குரல் நின்று இரண்டு மூன்று நொடி அமைதியானதும் கேட்டது கிடைக்க வேண்டும். ஆரம்ப நாட்களில் குரைப்பு கூடும். பேட்டரி தீர்ந்த ரிமோட்டை நாம் இன்னும் அழுத்தி அழுத்திப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான். அந்தக் கட்டத்தில் மனமிரங்கி ஒரு பிஸ்கட் போட்டுவிட்டால், இவ்வளவு உரக்கக் குரைத்தால்தான் கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும். ஆகவே பாட்டி முதல் பேரன் வரை வீட்டில் எல்லோரும் ஒரே விதியைக் கடைப்பிடிக்க வேண்டும்.

தனிமை என்னும் துயரம்

தனிமைக் குரைப்பு அடமல்ல. கிட்டத்தட்டக் குழந்தையின் பீதிக்குச் சமமான தவிப்பு அது. இதற்குத் தண்டனை கொடுத்தால் பயம் இரட்டிப்பாகும். கண்டுகொள்ளாமல் கத்தவிட்டால் தவிப்பு முற்றும்.

பிரிவைச் சிறுகச் சிறுகப் பழக்குவதே வழி. செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பாமல் சோபாவில் உட்காருங்கள். சாவியைக் கையில் எடுத்துத் திரும்ப வையுங்கள். கிளம்புவதன் அறிகுறிகளைக் கண்டு நாய் பதறுவது அடங்கியதும், கதவுக்கு வெளியே சில நொடிகள் நின்று திரும்புங்கள். நொடிகளை நிமிடங்களாக்குங்கள். நாய் பதறும் எல்லைக்கு முன்பே திரும்பிவிட வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். இந்த வாரங்களில் அதை நீண்ட நேரம் தனியே விடாமல் இருக்க உறவினர், பக்கத்து வீட்டார், நாய்க் காப்பகம் என ஏதாவது ஏற்பாடு வேண்டும்.

சில நாய்களுக்குப் பயிற்சி மட்டும் போதாது, மருந்தும் தேவைப்படும். க்ளோமிப்ரமின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்காகவே 1998-ல் அங்கீகாரம் தரப்பட்டது. எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் மருத்துவமனையும் உண்டு. நாய்க்கு மனத்துயரமா என்று சிரிப்பவர்களுக்காகத் தயங்க வேண்டியதில்லை.

இசையும் கொஞ்சம் கைகொடுக்கும். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் டெபோரா வெல்ஸ் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், காப்பக நாய்கள் மேற்கத்தியச் செவ்விசையைக் கேட்டபோது அதிகம் அமைதியாக இருந்தன. ஹெவி மெட்டல் இசைக்கு அதிகம் குரைத்தன. டி.வி.யில் செய்திச் சேனலை அலறவிட்டுக் கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

சங்கிலியின் எல்லைக்குள் ஒரு வாழ்க்கை

ஓயாமல் குரைக்கும் நாயைத் தேடிப் போனால் பல வீடுகளில் நாம் காண்பது ஒன்றுதான்: மாடிப்படிக்குக் கீழே ஒரு சங்கிலி. சங்கிலி எட்டும் தூரம் வரை மண் அரைவட்டமாகத் தேய்ந்து பளபளக்கும். கவிழ்ந்த அலுமினியத் தட்டு, கழுத்தில் பெல்ட் உரசி முடி உதிர்ந்த தழும்பு. அந்த நாய் தெருவைப் பார்க்கும், தெருவுக்குப் போக முடியாது. மனிதரைப் பார்க்கும், நெருங்க முடியாது. பயந்தால் ஓட முடியாது. அதனிடம் மிச்சமிருப்பது குரல் மட்டும்தான்.

1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவில், நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், வழக்கமாகக் கட்டியே வைக்கும் நாய்க்குத் தேவையான உடற்பயிற்சி தராமல் இருப்பதையும் குற்றம் என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் முதல் குற்றத்துக்கு வைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. சட்டத்துக்குப் பயந்து யாரும் சங்கிலியை அவிழ்க்கப் போவதில்லை. மனசாட்சிக்காக அவிழ்க்க வேண்டும்.

காலையும் மாலையும் வெயிலுக்கு முன்னும் பின்னும் நடத்திச் செல்லுங்கள். அவசரப்படுத்தாமல் மோப்பம் பிடிக்க விடுங்கள். புல்லையும் மின்கம்பத்தையும் முகர்ந்து அறிவதுதான் அதற்கு ஊர்ச் செய்தி. சாப்பாட்டில் ஒரு பங்கைத் தட்டில் போடாமல், பழைய துணியில் சுருட்டியோ அட்டைப்பெட்டிக்குள் ஒளித்தோ தேடித் தின்ன விடுங்கள். மூளைக்கு வேலை கிடைத்த நாய் தூங்கும். தூங்குகிற நாய் குரைக்காது.

கண்டிப்பாகக் கூடாதவை

குரைத்தால் கழுத்தில் மின் அதிர்ச்சி தரும் பட்டைகளை இணையத்தில் எளிதாக வாங்கிவிட முடிகிறது. வாங்காதீர்கள். பயத்தால் குரைக்கும் நாய்க்கு, எதிரே வந்த குழந்தையைப் பார்த்தபோது அதிர்ச்சி விழுந்தால், வலியைத் தந்தது அந்தக் குழந்தை என்றே அது பதிய வைத்துக்கொள்ளும். வேல்ஸ் நாடு 2010-லேயே இவற்றுக்குத் தடை போட்டது. குரல் நாண்களை வெட்டிச் சத்தத்தை அடக்கும் அறுவையை, ஐரோப்பிய நாடுகளின் 1987-ஆம் ஆண்டு வளர்ப்புப் பிராணிகள் பாதுகாப்பு உடன்படிக்கை தடை செய்தது. அப்படி வெட்டிய நாயின் பயமோ தனிமையோ குறைவதில்லை. அது பயப்படுவது நம் காதில் விழுவதில்லை, அவ்வளவுதான்.

ஊளையும் எமனும்

நள்ளிரவில் நாய் ஊளையிட்டால் சாவு விழும் என்று நம் ஊர்களில் இன்றும் கல்லெடுக்கிறார்கள். ஊளை என்பது நெடுந்தூரத்துக்குக் குரல் அனுப்பும் வழி. ‘நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?’ என்பதுதான் அதன் பொருள். ஒன்று தொடங்கினால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். ஆம்புலன்ஸ் சைரன், சங்கொலி போன்று நீண்டு ஒலிக்கும் ஓசைகள் சில நாய்களை ஊளையிட வைக்கின்றன. நோயாளி இருக்கும் வீட்டில் எல்லோரும் இரவு விழித்திருக்கிறார்கள். அதனால் ஊளை காதில் விழுகிறது, மனதிலும் நிற்கிறது. யாரும் சாகாத இரவுகளின் ஊளையை யாரும் நினைவில் வைப்பதில்லை.

தெருநாய்களின் இரவுக் கூச்சலில் பெரும்பங்கு எல்லைச் சண்டையும் இனச்சேர்க்கைக் காலத்துப் போட்டியும்தான். கருத்தடை செய்யும் தெருக்களில் இனச்சேர்க்கைக் காலச் சண்டை குறைகிறது. சென்னையின் புளூ கிராஸ் அமைப்பு 1960-களிலேயே முன்வைத்த வழி இது. 1990-களில் மாநகராட்சியும் அதை ஏற்றது. தெரு அமைதியாக வேண்டுமென்றால் கல்லெடுப்பதைவிட, கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாநகராட்சியை வற்புறுத்துவது பயன் தரும். திறந்து கிடக்கும் குப்பைத்தொட்டியை மூடவைப்பதும் அப்படியே.

தீபாவளிக்கு ஒரு முன்னேற்பாடு

உச்ச நீதிமன்றம் 2018-ல் பட்டாசு நேரத்தை இரண்டு மணி நேரமாகக் கட்டுப்படுத்தியபோது, தமிழக அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வகுத்தது. நாய் வளர்ப்பவர்கள் அந்த நேரத்தை வைத்துத் திட்டமிடலாம். வாக்கிங்கை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஜன்னல் குறைந்த அறையில், கட்டிலுக்கு அடியிலோ மேசைக்கு அடியிலோ பழைய போர்வை போட்டு ஒதுங்க இடம் கொடுங்கள். மின்விசிறியும் மெல்லிய இசையும் ஓடட்டும். பயந்து மடிக்கு வந்தால் தடவிக்கொடுங்கள்; ஆறுதல் சொன்னால் பயம் வளரும் என்பது தவறான எண்ணம். நடுநடுங்கும் நாய் என்றால் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். மனிதருக்கு வாங்கிய தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

அண்டை வீட்டாரின் பக்கம்

மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் (2000), குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. பக்கத்தில் நின்று குரைக்கும் நாயின் சத்தம் இதை அநாயாசமாகத் தாண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2012-ல் சார்லி என்ற கோல்டன் ரெட்ரீவர் 113.1 டெசிபலில் குரைத்துக் கின்னஸில் இடம்பிடித்தது. ஆகவே தூக்கம் கெடுகிறது என்பவரிடம் ‘நாய்னா குரைக்கத்தான் செய்யும்’ என்று பதில் சொல்வது அராஜகம்.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரு தரப்பையும் பார்க்கிறது. குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டு நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்கிறது. குரைப்பது நாயின் இயல்பு, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அதே மூச்சில், ஓயாத குரைப்பு அண்டை வீட்டாருக்குத் தொல்லை தருவதால், குறிப்பாக இரவில், அதைக் கட்டுப்படுத்துமாறு வளர்ப்பவர்களுக்கும் அறிவுறுத்துகிறது.

எனவே குரூப்பில் சண்டை போடுவதற்கு முன் நேரில் பேசுங்கள். பகலில் நீங்கள் இல்லாதபோது நாய் எப்போது குரைக்கிறது என்பது பக்கத்து வீட்டாருக்குத்தான் தெரியும். மேலே சொன்ன நோட்டில் பாதியை எழுதித் தரக்கூடியவர் அவர்தான். பயிற்சி தொடங்கியிருப்பதை அவரிடம் சொல்லுங்கள், சில வாரங்கள் அவகாசம் கேளுங்கள், கேட்ட அவகாசத்துக்குள் உண்மையாக உழையுங்கள்.

நாய் வாங்க நினைக்கிற குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. எந்த இனம், என்ன விலை என்பதெல்லாம் பிறகு. பகல் முழுக்க அதோடு யார் இருப்பார்கள், காலையிலும் மாலையிலும் யார் அழைத்துப் போவார்கள் என்ற இரண்டு கேள்விக்கு முதலில் பெயர் சொல்லிப் பதில் வையுங்கள். பதில் இல்லையென்றால் இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் இந்த வாரமே இரண்டு காரியம் செய்யலாம்: சங்கிலியை அவிழ்ப்பது, நோட்டைத் திறப்பது. மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும்.